ரிவர்ஸ் போட்டால் அழுகிற கார்

அநியாயம் நடந்தது எங்கப்பாவுக்கு. செய்தவர் எங்கள் தாய்மாமன், அம்மாவுடன் கூடப் பிறந்த ஒரே தம்பி. ஓட்டைக் காரை நல்ல கார் என்று சொல்லி, சொந்த அக்கா புருஷன் தலையிலேயே கட்டிவிட்டார். இதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை. வாதாடி நிரூபித்திருக்கிறேன்.

நீங்க என்ன செய்யறீங்க? டீச்சருங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. விடைத்தாள் திருத்துகிறவர், பாரபட்சம் இருக்காது. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு நீங்களே சொல்லுங்க டீச்சர். கோயமுத்தூர் போய்ச் சேர எப்படியும் நேரம் இருக்கிறது, இந்தக் கண்டக்டர் பல்லடத்தில் டீ குடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். இல்லை இல்லை, ஜன்னலோரம் நீங்களே இருங்க. எனக்குப் பேசுவதற்குக் கை வேண்டும், இந்தப் பக்கம்தான் தோது.

நெற்றியை ஏன் பார்க்கிறீங்க? கழுவியும் போகவில்லை. அதற்கும் வருகிறேன்.

சொந்தக் கார் இருக்கிறபோது பஸ்ஸில் ஏன் வருகிறாய் என்று கேட்டால், கார் இருக்கிறது, ஏசிதான் எங்கள் சமையலறையில் இருக்கிறது. அப்பா நேற்று சாயங்காலம் பிரித்தார். மாட்டும்வரை கேள்வி கேட்கக் கூடாது.

என் பெயர் சாருமதி. கோவையில் சட்டம் படிக்கிறேன். அப்பா சென்னியப்பனுக்குக் காங்கேயத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார், மிக்ஸி எது வந்தாலும் பிரித்துவிடுவார். அவருடைய கொள்கை ஒன்றுதான்: மனுசன் மாட்டினதை மனுசன் கழட்டிப்போடலாம். அந்தக் கார்க் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஒரே ஒரு முறை போனார். ஏசி ஹாலில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்களாம். "காப்பியே இந்த ருசின்னா பில்லு எப்படி இருக்கும்னு பாத்துக்க" என்று பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார்.

காரின் பெயரைச் சொல்ல மாட்டேன், நாளைக்கு என் மேலேயே வழக்கு வரும். வெளிநாட்டுக் கார், பெரிய பெயர். மூக்கின் மேல் முத்திரை வைத்திருக்கும் பாருங்க, போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பாரே, அந்த ரகம். வெள்ளக்கோவிலில் நூல் மில் வைத்திருக்கிற எங்கள் குழந்தைவேல் மாமா அதை வருஷக்கணக்கில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கழுவுவார். பல் விளக்குகிற பிரஷ்ஷால் சக்கரத்துக்கு நடுவில் தேய்ப்பார். அத்தை அதற்குச் சக்களத்தி என்றே பெயர் வைத்திருந்தார். பிறகு மாமாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. அந்தத் தணிந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வர்லீங் மச்சான், நீங்களே வெச்சுக்குங்க" என்று போன ஆவணியில் விலை பேசி அப்பாவிடம் சாவியைக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வந்த முதல் மாதமே ஆரம்பித்தது. முன் விளக்கில் ஒரு பல்பு போனது. நம் ஊர்க் காரில் கையை விட்டுத் திருகினால் முடிந்தது. இதில் பம்பரையே கழற்ற வேண்டுமாம். அப்பா கழற்றினார். பம்பர் ஹாலில் சோபாவுக்கு முன்னால் கிடந்தது. அந்த வாரம்தான் என் அக்கா சுகந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லோரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பம்பரைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னுங்க, ஊஞ்சப் பலகைங்களா?" என்றார். எப்படியோ சம்பந்தம் கூடிவிட்டது.

ஒவ்வொரு தடவை பிரித்து மாட்டும்போதும் ஸ்க்ரூ மிச்சம் வரும். "கம்பெனிக்காரன் நாலு சேத்தியே குடுத்திருப்பான்" என்பார் அப்பா. பூஜையறையில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறைய ஸ்க்ரூ இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வராது, எங்கே போட வேண்டியது என்றும் தெரியாது. சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று அங்கே வைத்திருக்கிறார்.

நடுவில் ஒரு டிவி மாதிரித் திரை இருக்குமே, அது ஒருநாள் கண்ணை மூடியது, திறக்கவே இல்லை. காருக்கு எங்கே வலிக்கிறது என்று எழுதிக் காட்டுவது அந்தத் திரைதான். இனிமேல் சத்தம் மட்டும் வரும், என்ன ஏது என்று நாமே ஊகிக்க வேண்டும். அப்புறம், ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கும். சாவியைப் போட்டால் முனகிக்கொண்டே மெல்ல எழும். மாமாவின் முட்டியேதான். அது காற்றில் நிற்கிற சஸ்பென்ஷனாம். அப்பா சைக்கிள் ட்யூப் ஒட்டுகிற சொலூஷனைத் தடவினார். ஒரு வாரம் நிமிர்ந்து நின்றது, அப்பாவும் ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தார்.

இவ்வளவையும் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும். என் வழக்கு இவற்றைப் பற்றியதே அல்ல. அந்த அழுகையைப் பற்றியது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. கடையைக் கழுவி, காயில் கட்டுகிற மிஷின், ஸ்பானர், டெஸ்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை. சுகந்தி வைத்தால் கோணும். நான் வைத்தால் ஒரே அளவு, ஒரே வரிசை, ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். காருக்கும் வைத்தேன். அந்தப் பின் பம்பரில் பாருங்க டீச்சர், வட்ட வட்டமாக, சமமான இடைவெளி விட்டு வரிசையாக இடம் இருக்கும். பொட்டுக்கென்றே அளந்து விட்ட மாதிரி. பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம், அத்தனை பாந்தமாக உட்கார்ந்தது. "வெளிநாட்டுக்காரனுக்குக் கூட நம்ம பூஜை தெரிஞ்சிருக்குது பாரு" என்று அப்பாவே மெச்சினார். பூஜைப் பொட்டைக் கார்த்திகை தீபம் வரைக்கும் துடைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் அப்பா காரை ஈரத்துணியால் துடைக்கும்போதெல்லாம் பொட்டைச் சுற்றிச் சுற்றியே துடைப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காரை நாங்கள் எவ்வளவு மரியாதையாக வைத்திருந்தோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வேறு காரணம் இல்லை.

பூஜை அன்று வண்டியை எடுக்கவில்லை. மறுநாள் நல்ல நேரம் பார்த்து அப்பா ரிவர்ஸ் போட்டார்.

கீ... என்று ஒரு சத்தம். விட்டு விட்டு இல்லை, ஒரே இழுப்பு. பசிக்கு அழுகிற குழந்தைகூட மூச்சு வாங்க நிறுத்தும், இது நிறுத்தவில்லை.

பின்னால் ஏதாவது நின்றால் அப்படிக் கத்துமாம். பின்னால் ஒன்றுமே இல்லை. நானே நின்று பார்த்தேன். நான் நகர்ந்த பிறகும் கத்தியது. எங்கள் வீடு சந்தின் கடைசி. திருப்ப இடமில்லை, வெளியே போவதென்றால் சந்து முழுக்க ரிவர்ஸில்தான் போக வேண்டும். சந்து முழுக்க அழுகை. எதிர்வீட்டு ராசாத்தி அக்கா வாசல் தெளித்த கையோடு நின்று, "ஏனுங்கண்ணா, காரைப் பள்ளிக்கூடத்துக்கா கூட்டீட்டுப் போறீங்க, இந்த அழுவ அழுவுது?" என்பார். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். பாதிதான் ஏறும்.

அப்பா தேடாத இடமில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டிக்கிக்குள் படுத்துத் தேடினார். நம்பர் பிளேட்டுக்கு மேல் இருக்கிற கேமராதான் அதற்குக் கண் என்று முடிவு செய்து, கண்ணாடி துடைக்கிற துணியால் அதைத் தினமும் துடைத்தார். ஒயரை மாற்றினார். டம்ளரில் இன்னும் ஸ்க்ரூ சேர்ந்தது.

அம்மா மரகதம் வேறு மாதிரி யோசித்தாள். "காருக்குத் தெரியுது, நமக்குத்தான் தெரியலீங்க. கண்ணுக்குத் தெரியாதது ஏதோ பின்னாடி நிக்குது." பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். கார் அந்தப் பூசணிக்காயையும் பார்த்து அழுதது.

நான் பகுத்தறிவோடு யோசித்தேன். மாமாவிடம் இருந்தவரை இந்தக் கார் கத்தியதே இல்லை. அது அவரே ஒப்புக்கொண்டது. எங்களிடம் வந்ததும் கத்துகிறது. அப்படியானால் குறை முன்பே இருந்திருக்கிறது, ஏதோ ஒயரைப் பிடுங்கிவைத்து மறைத்து விற்றிருக்கிறார். பூஜைக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்ததும் மறைத்தது வெளியே வந்துவிட்டது. இதில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா சொல்லுங்க? கல்லூரியில் இதைவிடக் குறைந்த ஆதாரத்துக்கு நான் பரிசு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் மாமாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். பிறகு இன்னொன்று. பிறகு, அதில் விட்டுப்போனதற்கு இன்னொன்று. "மாமா, குறையைத் தெரிந்தே மறைத்தீர்களா, தெரியாமல் மறைத்தீர்களா? தெரிந்தென்றால் வஞ்சகம், தெரியாமலென்றால் அலட்சியம். எந்தப் பக்கம் போனாலும் பதில் சொல்லியாக வேண்டும்." எவ்வளவு கச்சிதம் பாருங்க. நடுவில் யாரோ காலை வணக்கம் ரோஜாப்பூ போட்டார்கள். தாராபுரத்துப் பெரியம்மா கும்பிடுகிற கை போட்டார், அது எனக்கா மாமாவுக்கா என்று இன்றுவரை தெரியாது.

மாமா பதிலே சொல்லவில்லை. சாயங்காலம் அவர் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார் என்று ஒற்றை வரி வந்தது. அதை நான் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன். எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்றால் வேறென்ன?

வீட்டில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு வருஷா வருஷம் மாமா கொண்டுவருகிற முறுக்கு டின் வரவில்லை. அம்மா வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். "தோசை வேணுமான்னு அவகிட்டக் கேளு" என்று என் முன்னாலேயே சுகந்தியிடம் சொல்வாள். அப்பாவோ, "புள்ள கேட்டதுல என்ன தப்பு?" என்று சொல்லிவிட்டு டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்.

சுகந்திக்குத் தை மாதம் கல்யாணம். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பொண்ணு மேடை ஏறாது.

"மாமா வரலீன்னா நான் மேடை ஏற மாட்டேன்டி" என்றாள் சுகந்தி. "நீயே போய் உன்ற செக்‌ஷன் நம்பரெல்லாம் சொல்லி மாலையை எடுத்துக் குடு."

"நியாயம் நம்ம பக்கம் இருக்கு."

"வெச்சுக்க. நியாயத்தையே கட்டிக்க."

இப்படிப் பேசுகிறவளுக்காகத்தான் நான் வாதாடுகிறேன்.

கார்த்திகை தீபத்துக்கு முதல்நாள் அம்மா ஈரத்துணியை ஊறப்போட்டு வீடு, கிரைண்டர், கடை, கார் என்று பழைய பொட்டையெல்லாம் துடைத்து எடுத்தாள். அதே நாள் அப்பா ஒரு ஃப்யூஸை மாற்றியிருந்தார். மறுநாள் ரிவர்ஸ் போட்டால் சத்தமே இல்லை! ராசாத்தி அக்கா ஓடிவந்து, "செத்துருச்சுங்களா?" என்று கேட்டார். அப்பாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. கைலி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஃப்யூஸு" என்றார். நோயைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி. எனக்கும் சந்தோஷம்தான். ஃப்யூஸ் மாற்றிச் சரியானது என்றால் குறை இருந்தது நிரூபணம் ஆகிவிட்டதே.

குலசாமிக்கு அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். முந்தாநாள் அந்தக் காரிலேயே வெள்ளக்கோவிலுக்குப் போனோம், அப்பா, அம்மா, நான். வழியெல்லாம் அம்மா மடியில் தட்டு. வெற்றிலை, பழம், பத்திரிகை, வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம். என்னைப் பார்த்துப் பல நாளைக்குப் பிறகு நேராகப் பேசினாள். "அங்க வந்து வாயத் தொறந்த, காரை விட்டே எறக்கி உட்ருவேன்."

மாமா உயரமான நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை தண்ணீர் கொடுத்தார். மாமா மழையைப் பற்றிப் பேசினார். நூல் விலையைப் பற்றிப் பேசினார். காரைப் பற்றி மட்டும் பேசவில்லை, ஆனால் கண் ஜன்னல் வழியாக அங்கேதான் இருந்தது. அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"வண்டி இப்பச் சத்தம் போடறதில்ல மாப்ள. நானே சரி பண்ணீட்டேன்."

"அப்படீங்களா. என்னுங் மச்சான் ஆயிருந்துச்சு?"

"ஃப்யூஸு."

"எங்கிட்ட இருந்தவரைக்கும் போகலீங்களே."

நான் வாயைத் திறந்தேன். அம்மா தொடையைக் கிள்ளினாள். இந்தா, இங்கே, இன்னும் கன்றியிருக்கிறது.

அம்மா எழுந்து தட்டை நீட்டினாள். "சுகந்தி கல்யாணம். நீ வந்து முன்னால நின்னு நடத்தோணும்."

பத்திரிகை வைத்தால் சந்தனத்தைத் தொட்டு எடுத்துக்கொள்ள வேண்டும் இல்லையா டீச்சர்? தொட்டால் வருகிறேன் என்று அர்த்தம். மாமா தொடவில்லை. "வெச்சுட்டுப் போங்கக்கா. பாக்கறேன்" என்றார்.

அம்மா பத்திரிகையை மேஜையில் வைத்தாள். தட்டோடு கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தாய்மாமன் தொடாத சந்தனத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவதா? அம்மா கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினேன். "மனுசங்களுக்கு மரியாதை தெரியலீன்னா இந்தக் காருக்காவது தெரியும்" என்று உள்ளே கேட்கும்படி சொன்னேன். பின் பம்பரில் வரிசையாகப் பொட்டு வைக்கப்பட்டது.

யார் வைத்தார்களா? அது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி டீச்சர்.

அப்பா ரிவர்ஸ் போட்டார்.

கீ...

தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உறைந்துவிட்டார். உள்ளேயிருந்து மாமா வந்தார். யார் கையையும் பிடிக்காமல் எழுந்து வந்தார், அத்தைகூடச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். காரின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனார். குனிந்தார். பொட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பொட்டுகளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். கடைசிப் பொட்டு போனதும் சத்தம் நின்றது. அந்த வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்தார். கீ என்றது. எடுத்தார். நின்றது. வைத்தார், எடுத்தார். ஒரு தடவையே போதும், ஆனால் அவர்பாட்டுக்கு வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"காருக்கு இதுதானுங்க கண்ணு" என்றார் அப்பாவிடம். "கண்ணுல சந்தனத்த அப்புனா நீங்களும்தான் கத்துவீங்க."

"ஃப்யூஸும் போயிருந்துச்சு" என்றார் அப்பா, மெதுவாக, ஸ்டியரிங்கைப் பார்த்து.

அம்மாதான் முதலில் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! அத்தை சிரித்தார், தெருவில் போன யாரோகூடச் சிரித்தார். எல்லோரும் என்னையே பார்த்துச் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டதா என்ன? சிரித்தால் முடிந்துவிடுமா?

"இருங்க மாமா," என்றேன். "பொட்டு வைக்கற மாதிரியே வட்டமா எடம் உட்டு அதுக்குள்ள கண்ண ஒளிச்சு வெச்சது யார் தப்பு? இங்க கண்ணு இருக்குது, கை வெக்காதீங்கன்னு விக்கறவர் சொல்லியிருக்க வேண்டாமா? தெரிஞ்சு சொல்லாம உட்டீங்களா, தெரியாம சொல்லாம உட்டீங்களா? இப்பவாவது பதில் சொல்லுங்க. குரூப்ப விட்டு ஓடின மாதிரி ஓடாதீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கித் தட்டில் வைத்து, தட்டை மாமாவுக்கு நேராக நீட்டினாள்.

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் சந்தனக் கிண்ணத்துக்குள் விரலை விட்டார். தாராளமாக எடுத்தார். அம்மா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. எடுத்ததைத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வார் என்று பார்த்தால், என் நெற்றியில் நடுவாக, வட்டமாக, அழுத்தி வைத்தார். காரைப் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்து ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

நான் கேட்டது அத்தனை கேள்வி. அதற்கெல்லாம் சேர்த்து அவர் சொன்னது இவ்வளவுதான். இது ஒரு பதிலா என்று நீங்களே சொல்லுங்க டீச்சர்:

"காருக்குப் பொட்டு வெச்சாக் கத்துது. உனக்கு வெச்சாலாவது சத்தம் நிக்குதான்னு பாக்கறேன் கண்ணு. நிக்கலீன்னா, மாலை எடுத்துக் குடுக்க மேடைக்கு வருவனல்லோ, அப்ப இன்னொண்ணு வெச்சு உடறேன்."